என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து மரணப் பள்ளத்தாக்கு வரை

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமிருந்து லாஸ் வேகஸ் போகும் 15-ஆம் எண் நெடுஞ்சாலை, சான் பெர்னார்டினோவைத் தாண்டியதும் கஹோன் கணவாயில் ஏறத் தொடங்குகிறது. உச்சி 1,200 மீட்டருக்கு மேல். கார்க்காரர்கள் அதை ஒரு மேடாகக்கூட மதிப்பதில்லை. எட்டு டன் எடையுள்ள, வீடே வண்டியான மோட்டார்ஹோமுக்கு அதுதான் முதல் பரீட்சை. வலது ஓரத் தடத்தில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பக்கத்துச் சரிவில் முடிவே இல்லாத ஒரு சரக்கு ரயில் எங்களைப் போலவே முக்கிக்கொண்டு ஏறியது. டேஷ்போர்டு ஏசி முழு வேகத்தில் ஓடியது. முகத்தில் குளிர்காற்று, என் இடது கணுக்கால் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

காரணம் என் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முன்பக்கம் என்ஜின் வைத்த மோட்டார்ஹோம்களில் டிரைவர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில்தான் என்ஜின் கிடக்கிறது. அதன் மேல் ஃபைபர் மூடி ஒன்றைக் கவிழ்த்து, கம்பளம் ஒட்டி, காப்பிக் கோப்பை வைக்க இரண்டு குழியும் வைத்துவிடுகிறார்கள். டாக்ஹவுஸ் என்று அங்கே அதற்குப் பெயர். நம்மூர் அரசுப் பேருந்துகளில் டிரைவர் பக்கத்துப் பானட்டின் மேல் பையை வைத்து, கூட்ட நேரத்தில் அதிலேயே உட்கார்ந்தும் போன தலைமுறைக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. நம் லாரி டிரைவர்களும் காலங்காலமாக இந்தச் சூட்டைத் தொடையில் வாங்கியவர்கள்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் விதி வந்ததே பெரிய காரியம்.

வண்டி அத்தானுடையது. 1990-களின் கடைசியில் வந்த, எட்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஓய்வு பெற்ற கையோடு, வேறொருவர் ஓட்டி முடித்ததை வாங்கிப் போட்டார். அக்காவுக்கு அதில் பிடித்தது சமையல் மேடை, அத்தானுக்குப் பிடித்தது மற்றதெல்லாம். மே மாதக் கடைசியில் டெத் வேலிக்கு, அதாவது மரணப் பள்ளத்தாக்குக்கு, போகலாம் என்று அவர் சொன்னபோது, அந்த நேரத்தில் யாராவது அங்கே போவார்களா என்று கேட்டேன். "அங்க ஓடினா எங்கயும் ஓடும் மாப்ள" என்றார். கார் கம்பெனிகளும் இதே நினைப்பில்தான் இன்னும் சந்தைக்கு வராத மாடல்களின் மேல் புள்ளியும் கோடுமாக ஸ்டிக்கர் ஒட்டி, கோடையில் அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கின்றன. வாடகைக்கு மோட்டார்ஹோம் விடுகிறவர்களில் பலர் கோடையில் அங்கே போகவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள்.

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில், தோராயக் கணக்காக, மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் மற்றது புகைக்குழாய் வழியாகவும் போகிறது. சமதளத்தில் இது பெரிதாகத் தெரியாது. மேட்டில் எட்டு டன்னை இழுக்கும்போது, என்ஜினின் இரண்டு பக்கமும் புகையைச் சேகரிக்கும் வார்ப்பிரும்புக் குழாய், அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, மங்கலாகச் சிவக்கும் அளவுக்குச் சூடாகிறது. சூடான பொருள் கதிராக வீசும் வெப்பம் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடும். 400 டிகிரி செல்சியஸில் இருந்த குழாய் 650-க்குப் போனால், அது வீசும் வெப்பம் மூன்றரை மடங்காகிவிடும். வீட்டு வாசலில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டுச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். மேடு ஏறினால்தான் உண்மை தெரியும்.

இந்தச் சூடு ஏன் இப்படி அநாதையாக விடப்பட்டது? என் கணிப்பில், மோட்டார்ஹோம் பிறக்கும் முறைதான் காரணம். ஃபோர்டின் எஃப்-53 போன்ற அடிச்சட்டம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது என்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், இரும்புச் சட்டம் இவ்வளவுதான். அதை வாங்கி மேலே வீடு கட்டுகிறவர் வேறு நிறுவனம். அடிச்சட்டக்காரருக்கு என்ஜின் கொதிக்காமல் ஓட வேண்டும். வீடு கட்டுகிறவருக்குச் சோபாவும் கிரானைட்டும் விற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த மூடியும் அதன் ரப்பர் விளிம்பும் யாருடைய பெருமையும் இல்லை. விற்பனைக் கூடத்தில் யாரும் குனிந்து அதைப் பார்ப்பதும் இல்லை.

கிளம்புவதற்கு முன் அத்தான் இதற்காக நிறையவே உழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்த வேலையில் எனக்கும் பங்கு கிடைத்தது. இரவு, தெருவிளக்கு எட்டாத இடத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜின் அறைக்குள் ஒரு பளிச்சென்ற எல்இடி விளக்கைப் போட்டு, மூடியைப் பூட்டினோம். கேபின் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு நான் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் மூடியின் அடிவிளிம்பில் வெள்ளை நூல் ஓடியதுபோல ஒரு கோடு. பிரேக் பெடலுக்கு மேலே, ஸ்டீயரிங் தண்டு தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில், அரை வட்டமாக வெளிச்சம். ஒயர்க் கொத்து நுழையும் ஓட்டையில் விரலே போகும் அளவுக்கு இடைவெளி. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டேன். வெளிச்சம் வருகிற வழியில்தான் சூட்டுக்காற்றும் வருகிறது. மேனிஃபோல்டில் கீறல் விழுந்திருந்தால் கார்பன் மோனாக்சைடும் அதே வழியில்தான் வரும். அதனால் இதை வெறும் சொகுசுப் பிரச்சினை என்று தள்ள முடியாது. அத்தான் படுக்கை அருகே இருந்த எச்சரிக்கைக் கருவியோடு, டிரைவர் இருக்கைப் பக்கத்திலும் ஒன்று மாட்டியிருந்தார்.

மூடியின் பழைய ரப்பர் பீடிங் வறண்டு தட்டையாகிப் போயிருந்தது. அதைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டி, அழுத்திப் பிடிக்கும் கொக்கிகளையும் இறுக்கினோம். ஒயர் ஓட்டைகளில் தீப்பிடிக்காத சீலண்ட் அடைத்தோம். இவ்வளவும் செய்த பிறகுதான் அத்தான் வெப்பத் தடுப்புப் பாய் விஷயத்துக்கு வந்தார். பெரும்பாலானவர்கள் நேரே கடைக்குப் போய் வெள்ளித்தாள் ஒட்டிய பாயை வாங்கி மூடியின் உட்புறம் முழுக்க ஒட்டிவிட்டு, காசு போனதே தவிரச் சூடு போகவில்லை என்று புலம்புவார்கள். ஓட்டை அப்படியே இருக்கும்போது பாய் எத்தனை கனமாக இருந்து என்ன பயன்?

பாயிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் கதிர்வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் காற்று இடைவெளி வேண்டும். சூடான பொருளோடு ஒட்டிக்கொண்டால் அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் முதல் ஆள். பழைய வண்டிகளில் வரும் ஸ்பாஞ்சுக்கு இன்னொரு கெடுதி உண்டு: எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு தீக்கு அதுவே தீனி. அத்தான் பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்தபோது அது கையில் கருப்பு மாவாக உதிர்ந்தது. மேனிஃபோல்டுக்கு நேரே வரும் இடத்தில் மட்டும், மூடியிலிருந்து விரலளவு தள்ளி, மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைத் திருகியிருந்தார். குழாயைச் சுற்றி நார்ப்பட்டை கட்டும் பழக்கம் பந்தயக் கார்க்காரர்களிடம் உண்டே என்று கேட்டேன். "வார்ப்பிரும்புக்குப் போர்வை போர்த்தினா உள்ள வெந்து கீறிடும் மாப்ள. போல்ட்டு வேற முறியும். முறிஞ்ச போல்ட்டை நீயா வந்து எடுப்ப?" என்றார்.

ஆனாலும் கஹோனில் என் கணுக்கால் சுட்டது. அத்தானுக்கு அது பொறுக்கவில்லை.

பார்ஸ்டோவில் பெட்ரோல் போட நின்றோம். 40-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த ஊரில் தொடங்கி அட்லாண்டிக் ஓரம் வட கரோலினாவின் வில்மிங்டன் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அக்கா அதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுக்கப் போனார். அத்தான் தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கும் லேசர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மூடியைச் சுற்றி ஒவ்வோர் இடமாகச் சுட்டுப் பார்த்தார். மூடி அவ்வளவு மோசமில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், என் காலுக்கு நேரே, கை வைக்க முடியாத சூடு. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், "ஹீட்டர்!" என்றார்.

குளிர்காலத்துக்கான ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜினின் வெந்நீர் அதற்குள் ஓடும், காற்றாடி அதன் மேல் ஊதும். சுவிட்சை அணைத்தால் காற்றுப் பாதையின் கதவுதான் மூடும். பல வண்டிகளில் வெந்நீர் மட்டும் கோடையிலும் நிற்காமல் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். கொதிநிலையை நெருங்கிய தண்ணீர் நிறைந்த ஒரு பெட்டியைக் காலோடு அணைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பக்கத்து உதிரிபாகக் கடையில் ஒரு சாதாரண வால்வு வாங்கி, என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, வெந்நீர் வரும் ரப்பர் குழாயை அறுத்து நடுவில் பொருத்தினார். காசு என்று பார்த்தால், அந்த வண்டியில் செய்த வேலைகளிலேயே மலிவானது அதுதான். பார்ஸ்டோவைத் தாண்டி அரை மணி நேரத்தில் என் கால் சாதாரணமாகிவிட்டது.

பேக்கர் என்ற சிற்றூரில் உலகத்திலேயே உயரமான வெப்பமானி நிற்கிறது. 134 அடி. 1991-ல் கட்டியது. நடுவில் சில காலம் அணைந்து கிடந்து 2014-ல் மறுபடி எரிந்தது. 1913 ஜூலை 10-ஆம் தேதி டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 டிகிரி செல்சியஸ், என்ற சாதனைக்காக அந்த உயரம். அங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, 127-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பினோம். அதற்கப்புறம் ஷோஷோன் வரை பெயர் சொல்ல ஓர் ஊர் கிடையாது.

டெத் வேலி ஜங்ஷன் என்ற இடத்தில் வெயிலில் வெளுத்த ஒரு கட்டடம். 1920-களில் போராக்ஸ் (வெண்காரம்) சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டியது. 1967-ல் மார்ட்டா பெக்கெட் என்ற நியூயார்க் நடனக் கலைஞர் இந்தப் பக்கம் வந்தபோது அவருடைய டிரெய்லர் டயர் பஞ்சராகிவிட்டது. டயரைச் சரிசெய்யும் நேரத்தில் கைவிடப்பட்ட இந்த அரங்கை எட்டிப் பார்த்தவர், வாடகைக்கு எடுத்து, அமர்கோசா ஓபரா ஹவுஸ் என்று பெயரிட்டு, பல பத்தாண்டுகள் இங்கேயே ஆடினார். பார்க்க ஆள் வராத நாட்களுக்காகச் சுவர் முழுக்கப் பார்வையாளர்களை அவரே ஓவியமாக வரைந்து வைத்துக்கொண்டார். 2017-ல் காலமானார். வண்டி பழுதாவதில் இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது என்று அக்கா சொல்ல, அத்தானுக்கு அந்தப் பேச்சு ரசிக்கவில்லை.

அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் இறக்கம். ஃபர்னஸ் க்ரீக் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்குத் தெற்கே பேட்வாட்டர் இன்னும் கீழே, 86 மீட்டர் பள்ளம். இறக்கத்தில் கவலை என்ஜினைப் பற்றியது அல்ல, பிரேக்கைப் பற்றியது. அத்தான் கியரைக் குறைத்து என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு, அவ்வப்போது மட்டும் பிரேக்கை அழுத்தி விட்டபடி இறங்கினார்.

மறுநாள் விடிகாலையில் ஹார்மனி போராக்ஸ் ஆலையின் மிச்சங்களைப் பார்க்க நடந்தோம். 1883 முதல் 1888 வரை ஓடிய ஆலை. கோவேறு கழுதைகள் பூட்டிய இரட்டை வண்டிகளில் சரக்கை ஏற்றி, பின்னால் 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டியும் கட்டி, 165 மைல் தள்ளியிருந்த மொஹாவி ரயில் நிலையத்துக்கு இழுத்துப்போன கதைதான் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குப் பிடித்தது வேறு. கோடையில் இந்த ஆலையை மூடிவிடுவார்கள். மண்ணைக் கொதிக்க வைத்துக் கரைத்த நீர் ஆறினால்தான் போராக்ஸ் படிகமாகும். இங்கே கோடையில் அது போதுமான அளவுக்கு ஆறவே ஆறாது. அதனால் கோடை மாதங்களில் வேலையை ஷோஷோன் பக்கம் இருந்த அமர்கோசா ஆலைக்கு மாற்றினார்கள். ஒரு பொருளின் சூட்டை வாங்கிக்கொள்ள அதைவிடக் குளிர்ந்த ஒன்று வெளியே வேண்டும். அது இல்லாத இடத்தில் கொப்பரைக்கும் அதே கதி, ரேடியேட்டருக்கும் அதே கதி.

நாங்கள் தங்கிய முகாமில் பக்கத்து இடத்தில் ஒரு பெரிய டீசல் வண்டி நின்றது, பின்பக்கம் என்ஜின் வைத்தது. அதன் சொந்தக்காரர் ஓட்டும்போது கேபினில் சத்தமும் இல்லை, சூடும் இல்லை என்று பெருமையாகச் சொன்னார். அவர் மனைவி எங்களை உள்ளே அழைத்துப் போய்க் கட்டிலைத் தூக்கிக் காட்டினார். என்ஜின் அதற்கு அடியில். மாலையில் வந்து நிறுத்தினால் பாதி இரவு வரை மெத்தை சூடாகவே இருக்குமாம். ரேடியேட்டரும் பின்னால் இருப்பதால், சக்கரம் கிளப்பும் புழுதியும் என்ஜின் மூச்சுக்குழாயில் கசியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அதன் துடுப்புகளை அடைத்துவிடுகின்றன. சொந்தக்காரரும் தன் பங்குக்கு, படகுகளில் என்ஜின் அறைக் காற்றை வெளியேற்றப் பயன்படுத்தும் ஊதுகாற்றாடி ஒன்றை வாங்கி, சூட்டை வெளியே தள்ளும்படி மாட்டியிருந்தார். வண்டியை அணைத்த பிறகும் கால் மணி நேரம் அது ஓடும். இது நல்ல யோசனை. என்ஜினை நிறுத்தியதும் காற்றாடியும் தண்ணீர் பம்பும் நின்றுவிடும், இரும்பில் தேங்கிய சூடு போக வழியின்றி அந்த அறைக்குள்ளேயே ஏறும். மேடு ஏறி முடித்ததும் படக்கென்று சாவியைத் திருப்பாமல் சில நிமிடம் ஓடவிட்டு அணைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கடைசிப் பரீட்சை டவுன்ஸ் கணவாய். ஸ்டவ்பைப் வெல்ஸ் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் சாலை 1,511 மீட்டருக்கு ஏறுகிறது. ஏறத் தொடங்கும் இடத்தில், என்ஜின் கொதிக்காமலிருக்க ஏசியை அணையுங்கள் என்று பலகை. வழியில் ரேடியேட்டருக்கு மட்டும் என்று எழுதிய தண்ணீர்த் தொட்டி. ஆண்டுதோறும் ஜூலையில் பேட்வாட்டரிலிருந்து விட்னி மலையடிவாரம் வரை 217 கிலோமீட்டர் ஓடும் பந்தயக்காரர்கள் இதே கணவாயைக் காலால் ஏறுகிறார்கள் என்பதை நினைத்தால் நம் புகாரெல்லாம் அடங்கிவிடும்.

பொழுது நன்றாக ஏறுமுன்பே கிளம்பினோம். அத்தான் டேஷ்போர்டு ஏசியை அணைத்தார். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அது கக்கும் சூட்டைத்தான் ரேடியேட்டர் சுவாசிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, கூரை ஏசியைப் போட்டார். வீட்டு வண்டியில் இப்படி ஒரு வசதி இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. பிறகு இரண்டாம் கியர். என்ஜின் இரைந்தது, ஆனால் வேகமாகச் சுற்றும்போது காற்றாடியும் பம்பும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்து முக்கவிடுவதுதான் என்ஜினைக் கொல்லும் வழி. பாதி மேட்டில் திடீரென்று விமானம் கிளம்பும் சத்தம். நான் பயந்துவிட்டேன். அத்தான் சிரித்தார். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று ஒரு அளவுக்கு மேல் சூடானால் காற்றாடியின் கிளட்ச் இறுகி முழு வேகத்தில் சுற்றுமாம். இந்தச் சத்தம் வராவிட்டால்தான் பயப்பட வேண்டும். வெப்பமுள் நடுவிலிருந்து கொஞ்சம் நகர்ந்து அங்கேயே நின்றது. முள் சிவப்பைத் தொட்டால் ஒதுங்கி நிற்பதற்கு முன் கடைசி ஆயுதம், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது. அதற்காக அந்தப் புது வால்வின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு முந்தின இரவே பாடம் நடந்திருந்தது. தேவைப்படவில்லை.

உச்சியில் காற்று குளிர்ந்திருந்தது. பானமிண்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறி, மதியத்துக்குள் லோன் பைன் போய்ச் சேர்ந்தோம். அக்கா வண்டியிலேயே ரசம் வைத்தார்.

பழைய மோட்டார்ஹோம் வாங்கும் எண்ணத்தில் அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். விற்பவர் உங்களை டிரைவர் இருக்கையில் உட்காரவைத்து, சமதளத்தில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்வார். அதை ஏற்காதீர்கள். அவரையே மேட்டில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்து இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். இறங்கியதும் டேஷ்போர்டுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், என்ஜின் மூடியைத் திறக்கச் சொல்லி ரப்பர் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சோபாவையும் அடுப்பையும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.